ஆப்தல்மாலஜியா, ஆஃப்தல்மாலஜியா? கிரேக்க, லத்தீன் வேர் உள்ள சொற்களை எப்படிச் சொல்கிறீர்கள்?

சிம்மக்கல் நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதில் பேச்சுத் தேர்வு உண்டு. எதிரில் இருப்பவரை நோயாளியாகவோ உறவினராகவோ நினைத்துக்கொண்டு பேச வேண்டும்.

பயிற்சி வகுப்பில் நான் 'ஆப்தல்மாலஜி' என்றேன். பயிற்றுநர் எல்லார் முன்னாலும் நிறுத்தி, 'ஆஃப்தல்மாலஜி' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அடுத்த வகுப்புக்கு வந்த வேறொருவர் 'ஆப்' என்பதுதான் சரி என்றார். வீட்டில் கேட்டால் அப்பா, "கண்ணாஸ்பத்திரின்னு சொல்லு, வேலை முடிஞ்சது" என்கிறார்.

என் கேள்வி இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் இல்லை. நிமோனியா, சைக்கியாட்ரி, ஆர்த்ரைட்டிஸ், ஆஞ்சியோகிராஃபி என்று என் வேலையில் பாதிச் சொற்கள் கிரேக்கம், இல்லாவிட்டால் லத்தீன். இவற்றுக்கு ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா?

திருநகர் டீச்சர்

தங்கச்சி, முதலில் உங்கள் சொல்லை முடித்துவிடுகிறேன். இரண்டும் சரி. ஆங்கில அகராதிகள் 'ஆஃப்', 'ஆப்' இரண்டையும் தருகின்றன. டிப்தீரியாவும் அப்படித்தான், 'டிஃப்' என்பாரும் உண்டு, 'டிப்' என்பாரும் உண்டு. அகராதி ஏற்றுக்கொண்ட ஒன்றுக்காக ஒரு பெண்ணை வகுப்பில் நிறுத்தி வைத்தது தவறு. ஆங்கிலப் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் இரண்டு வடிவம் வந்தது? கிரேக்கத்தில் கண்ணுக்கு 'ஒஃப்தல்மொஸ்' என்று பெயர். அதில் ஃபை என்ற எழுத்தும் தீட்டா என்ற எழுத்தும் அடுத்தடுத்து வருகின்றன. கிரேக்கருக்கு அவை ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. ரோமானியர் ஃபையை 'பிஎச்' என்றும் தீட்டாவை 'டிஎச்' என்றும் இரண்டிரண்டு எழுத்தாக எழுதினார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது பி, எச், டி, எச் என்று நான்கு மெய்கள் வரிசையாக நிற்கின்றன. எழுதும்போதே பலர் முதல் எச்சை விட்டுவிடுகிறார்கள், பேசும்போது 'ஃப்' தேய்ந்து 'ப்' ஆகிவிடுகிறது. ஆங்கிலேயருக்கும் இந்த இடத்தில் நாக்கு தடுக்கத்தான் செய்கிறது. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம், இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

விதி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட சொற்களை வேரைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் ஊமை எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் பிஎஸ், பிஎன், பிடி, எம்என், ஜிஎன் வந்தால் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒலிக்காது. சைக்காலஜி, சோரியாசிஸ், நிமோனியா, டெரோடாக்டில் (அழிந்துபோன பறக்கும் ஊர்வன), நெமோனிக் (நினைவில் வைக்க உதவும் குறிப்பு) எல்லாம் இந்தக் கூட்டம். பழைய கிரேக்கர்கள் இரண்டு ஒலியையும் சொன்னார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் சைக்காலஜியை இன்றைக்கும் 'ப்ஸி' என்றுதான் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அந்தக் கூட்டுக்குச் சொல்லின் வாசலில் இடம் இல்லை.

ஆனால் அதே கூட்டு சொல்லின் நடுவில் வந்தால் இரண்டு எழுத்தும் ஒலிக்கும். நெமோனிக்கில் காணாமல் போன எம், அம்னீசியாவில் கேட்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஆப்னியாவில் பி கேட்கும். டயக்னோசிஸில் ஜி கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஹெலிகாப்டர். நம் காது அதை ஹெலி, காப்டர் என்று பிரிக்கிறது. கிரேக்கத்தில் 'ஹெலிகோ' என்றால் சுருள், 'ப்டெரோன்' என்றால் இறக்கை. டெரோடாக்டிலில் ஊமையாகிப் போன அதே பி ஹெலிகாப்டரில் நன்றாகவே கேட்கிறது.

ஜெய்ஹிந்துபுரம் பட்டறை

டீச்சர், நான் ரெண்டு சக்கர வண்டி மெக்கானிக். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆர்க்கிடெக்ட் ஆகணும் என்கிறாள், ஆனால் 'ஆர்ச்சிடெக்ட்' என்றே சொல்கிறாள். கீழடிக்கு மியூசியம் பார்க்கக் கூட்டிப்போனேன், அங்கே பலகையைப் படித்து 'ஆர்ச்சியாலஜி' என்றாள். அந்த சிஎச் எப்போது 'ச்', எப்போது 'க்'? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

திருநகர் டீச்சர்

தம்பி, அதற்கான வழி உங்கள் பட்டறைப் பலகையிலேயே இருக்கிறது. மெக்கானிக் என்ற சொல்லில் இருப்பதும் அதே சிஎச் தான். மதுரையில் யாரும் அதை 'மெச்சானிக்' என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஸ்கூல், கெமிஸ்ட்ரி, டெக்னிக்கல், பாலிடெக்னிக், காலரா, கிறிஸ்துமஸ் எல்லாவற்றிலும் அதே சிஎச், எல்லாம் கிரேக்க வேர். கிரேக்கத்தில் 'கீ' என்று ஓர் எழுத்து உண்டு. அதை ரோமானியர் சிஎச் என்று எழுதினார்கள். அந்த வழியாக வந்தால் 'க்'. சேர், சீஸ், சைல்டு போன்ற வீட்டுச் சொற்கள் வேறு வழியாக வந்தவை, அவற்றில் 'ச்'. மகளிடம் ஒரு குறுக்குவழி சொல்லுங்கள்: சொல்லில் சிஎச் இருந்து, அது படிப்பு, அறிவியல், மருத்துவம் சார்ந்த சொல்லாகவும் இருந்தால் பெரும்பாலும் 'க்'. ஆர்க்கியாலஜி, ஆர்க்கிடெக்ட், கேயாஸ், எக்கோ, ஸ்டமக், சைக்கியாட்ரி.

விலக்கு உண்டு. ஆர்ச்பிஷப்பில் அதே கிரேக்க முன்னொட்டு 'ஆர்ச்' என்று ஒலிக்கிறது. அது ஆங்கிலத்துக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்து ஊர்ச்சொல்லாக மாறிவிட்டது. ஆர்க்கிடெக்ட் பிற்காலத்தில் படித்தவர்கள் வழியாக வந்தது.

ஒத்தக்கடை வக்கீல்

லத்தீன் பக்கம் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். எங்கள் தொழிலில் லத்தீன் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. 2004 ஜூலை 24-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து மேலூர் ரோட்டில் டீக்கடையில் நின்றாலே 'ஹேபியஸ் கார்பஸ்', 'மேண்டேமஸ்' காதில் விழும். அரசமைப்பின் 226-வது பிரிவில் வரும் ரிட், அதாவது நீதிப்பேராணை வகைகளின் பெயர்கள் இவை.

இவற்றில் எதையும் நாங்கள் ரோமானியர் சொன்னபடி சொல்வதில்லை. மேண்டேமஸ் அவர்கள் வாயில் 'மந்தாமுஸ்'. 'ஆணையிடுகிறோம்' என்று பொருள். 'ப்ரைமா ஃபேஸி' என்று நாங்கள் சொல்வது அவர்களுக்கு 'ப்ரீமா ஃபகியே'. பழைய லத்தீனில் சி என்ற எழுத்து எங்கே வந்தாலும் 'க்' தான். சீசர் அவர்களுக்குக் 'கைசர்', சிசரோ 'கிகெரோ'. ஜெர்மானியர் மன்னரைக் 'கைசர்' என்றது அந்தப் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்ததுதான்.

ஒன்று மட்டும் இளம் வக்கீல்களுக்குச் சொல்வேன். நீதிமன்றம் தானாக முன்வந்து எடுக்கும் வழக்கை 'சுவோ மோட்டோ' என்கிறோம், எழுதும்போதும் அப்படியே எழுதிவிடுகிறோம். லத்தீனில் அது 'மோட்டூ', கடைசியில் ஊகாரம். பேச்சில் ஓகாரம் வந்தால் பரவாயில்லை, மனுவில் எழுதும்போது சரியாக எழுத வேண்டும். பேச்சு வழக்குக்கும் எழுத்துக்கும் நான் அந்த அளவு வித்தியாசம் வைத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூட ஆபீசில் எல்லாரும் வாங்கிய 'போனஃபைடு' சான்றிதழும் லத்தீன்தான். 'பொனா ஃபிடே', நல்ல நம்பிக்கையோடு என்று பொருள்.

பசுமலை மாணவன்

வக்கீல் சார் சொன்ன 'ப்ரீமா' எப்படி 'ப்ரைமா' ஆனது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மொழியியல் படிப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கில நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. ஈகாரம் ஐகாரமானது. ஏகாரம் ஈகாரமானது. ஆகாரம் ஏகாரம் பக்கம் போனது. ஆங்கிலேயர் பள்ளியில் லத்தீன் படித்தபோதும் தங்கள் ஆங்கில வாயோடுதான் படித்தார்கள். அதனால் அவர்கள் வாசித்த லத்தீனும் கிரேக்கமும் கூடவே நகர்ந்தன. மந்தாமுஸ் மேண்டேமஸ் ஆனதும், கணக்கில் வரும் பீ என்ற கிரேக்க எழுத்து பை ஆனதும் இப்படித்தான். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இந்த நகர்வு நடக்கவில்லை. சிம்மக்கல் அக்காவின் ஆர்த்ரைட்டிஸை ஒரு ஜெர்மன் டாக்டர் 'ஆர்த்ரீட்டிஸ்' என்பார். கிரேக்கத்துக்கு அவர்தான் நெருக்கம்.

உச்சரிப்புச் சண்டை ஒன்றும் புதிதில்லை. பழைய கிரேக்கத்தையும் லத்தீனையும் எப்படி ஒலித்திருப்பார்கள் என்று டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528-ல் ஒரு நூல் எழுதினார். கேம்பிரிட்ஜில் ஜான் சீக் என்ற ஆசிரியர் அந்தப் புது முறையில் கிரேக்கம் நடத்தினார். பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஸ்டீபன் கார்டினர் 1542-ல் அதற்குத் தடை போட்டார், மீறுகிற மாணவருக்குத் தண்டனை என்றும் ஆணையிட்டார். ஒரு பயிற்சி வகுப்பில் அக்காவுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு இந்த ஆணைதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. 'போட்டோ' என்று சொல்பவர்களை 'ஃபோட்டோ' என்று திருத்துகிறவர்களுக்காக இது. கிரேக்கரின் ஃபை எழுத்து பழங்காலத்தில் 'ஃப்' என்று ஒலிக்கவில்லை. காற்று சேர்ந்த 'ப்' தான் அது, இந்தியில் 'பல்' என்று பழத்தைச் சொல்லும்போது முதலில் வருகிற ஒலி. ரோமானியரிடம் 'எஃப்' என்ற எழுத்து இருந்தும் அதைப் போடாமல் 'பிஎச்' என்று எழுதியது அதனால்தான். பிற்பாடுதான் கிரேக்கர் வாயிலேயே அது 'ஃப்' ஆக மாறியது. ஆக, போட்டோ, பிலாசபி என்று சொல்கிற நம் ஊர்ப் பெரியவர்கள் பிளேட்டோ காலத்து ஒலிக்குத் தூரத்தில் இல்லை.

தெப்பக்குளம்

எல்லாம் படித்தேன், நல்ல செய்திகள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை. நாம் தமிழில் பேசும்போது இந்தச் சொற்களை எப்படிச் சொல்ல வேண்டும்? பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசும்போதுகூட 'ஆஸ்மா' என்று ஆங்கிலேயன் மாதிரி சொல்லத் தொடங்கியிருக்கிறோம். நமக்கு அது ஆஸ்துமா. பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கிற கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், எல்லார் வாயிலும் ஆஸ்துமாதான். அதை யாரும் திருத்தத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பசுமலை மாணவன்

தெப்பக்குளம் அண்ணே, உங்கள் கட்சிக்கு வலு சேர்க்கிறேன். அந்தச் சொல் கிரேக்கத்தில் 'அஸ்த்மா'. மூச்சிரைப்பு என்று பொருள். நடுவில் உள்ள 'த்' ஒலியை ஆங்கிலம் விழுங்கிவிட்டது, தமிழ் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு மெய்க்கூட்டு ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் ஓர் எழுத்தை விட்டுவிடும். தமிழ் அப்படிச் செய்வதில்லை, நடுவிலோ முன்னாலோ ஓர் உயிரைச் சேர்த்து இரண்டையும் காப்பாற்றிவிடும். ஸ்த்மா 'ஸ்துமா' ஆனதும், ஸ்கூல் 'இஸ்கூல்' ஆனதும் அந்த வழிதான். தனி மெய் சொல்லின் முதலில் வராது என்று தொல்காப்பியமே சொல்கிறது. இஸ்கூல் என்பவர் இலக்கணம் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. அவர் வாயில் நிற்பது தமிழ் இலக்கணம்.

ஞானஒளிவுபுரம் தாத்தா

தம்பி சொன்னதற்கு ஆதாரம் எங்கள் வேதாகமத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் 'திமோதி' என்று பேர் சொல்கிறார்கள், கோயிலில் நாங்கள் வாசிப்பது தீமோத்தேயு. கிரேக்கத்தில் திமோதெயோஸ். அதேபோல பிலிப்பு, பேதுரு, எபேசியர், தெசலோனிக்கேயர். இவை ஆங்கிலம் வழியாக வந்தவை இல்லை. 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியபோது இந்த ஊரில் ஆங்கிலத்துக்கு ஏது செல்வாக்கு?

எங்கள் கத்தோலிக்கப் பக்கம் லத்தீன் நேராகவே இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது பூசை முழுதும் லத்தீனில்தான், 1960-களில்தான் தமிழுக்கு மாறியது. 'தோமினுஸ் வோபீஸ்கும்' என்று சாமியார் சொன்னால் 'எத் கும் ஸ்பீரித்து தூவோ' என்று பதில் சொல்வோம். அந்த லத்தீன் இத்தாலிக்காரர் ஒலிப்பு. அதில் சிசரோ 'சிச்செரோ' ஆகிவிடுவார், வக்கீல் ஐயா சொன்ன 'கிகெரோ' இல்லை. ஒரே மொழிக்கு வழிபாட்டில் ஒரு வாய், நீதிமன்றத்தில் ஒரு வாய், பல்கலைக்கழகத்தில் ஒரு வாய்.

கீழமாசி வீதி

தாத்தா இத்தாலி என்றதும் எழுதத் தோன்றியது. இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். அவருக்கு நூறு ஆண்டுக்குப் பிறகு அதே மதுரை மிஷனுக்கு வந்தவர் வீரமாமுனிவர். லத்தீன் கரைகண்டவர், தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதியவர். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் கண்ணால் பிரித்தறிய இன்றைய வடிவத்தைத் தந்தவர் என்று அவரைத்தான் சொல்கிறோம். அதற்கு முன் குறிலின் தலையில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டியிருந்தது, ஓலையில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விழாது.

கிரேக்க எழுத்திலும் இதே இரட்டை உண்டு. 'ஒ மீக்ரொன்' என்றால் சின்ன ஒ. 'ஓ மெகா' என்றால் பெரிய ஓ. 2021 நவம்பரில் கொரோனாவின் புதிய திரிபுக்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள், அப்போது நம் பத்திரிகைகள் ஓமிக்ரான், ஒமைக்ரான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதின. அது பெயரிலேயே குறில். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிற நாம் அதை 'ஒ' என்று தொடங்கியிருக்கலாம். இந்தி எழுத்தில் இது அவ்வளவு எளிதில்லை.

நர்ஸ் தங்கச்சிக்காக இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறேன். தினமும் கையில் எடுக்கிற சிரிஞ்சு. கிரேக்கத்தில் 'சூரிங்க்ஸ்' என்றால் குழாய், புல்லாங்குழல். வேற்றுமை உருபு ஏறும்போது 'சூரிங்க' என்று வரும். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 'க' ஒலி 'ஜ' ஆகி, நமக்குச் சிரிஞ்சாக வந்தது. ஆனால் அதே சொல் அதற்கு வெகு காலம் முன்பே மதுரைக்கு நேராக வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்தில், கோவலன் நகரத்துக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். யானைக்கூட்டம் போகிற 'சுருங்கை வீதி' வழியாகப் போகிறான். சுருங்கை என்றால் நிலத்தடி வழி. அதற்கு அடுத்த வரியிலேயே மதில் வாயிலைக் காக்கிற யவனர், அதாவது கிரேக்க, ரோமானியர் வருகிறார்கள். 'ங்க' என்ற கிரேக்க ஒலி சுருங்கையில் அப்படியே இருக்கிறது, சிரிஞ்சில் போய்விட்டது. நான் கோட்டை இருந்த இடத்தைச் சுற்றித்தான் தினமும் நடக்கிறேன், இதை அறிந்த பிறகு அந்த மாசி வீதிகளே எனக்கு வேறு மாதிரி தெரிகின்றன.

சிம்மக்கல் நர்ஸ்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. சுருங்கை பற்றிப் படித்து அப்பாவிடமும் சொன்னேன். ஆனால் டீச்சர், தேர்வுக்குத் திரும்புகிறேன். தெப்பக்குளம் அண்ணன் சொல்வது தமிழ்ப் பேச்சுக்குச் சரி. வெளிநாட்டு நோயாளி என் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டுமே? அங்கே வேலை பார்க்கும் என் தோழி சொல்கிறாள், ஒலி எல்லாம் சரியாகச் சொன்னாலும் சில சொற்களை 'மறுபடி சொல்லுங்கள்' என்கிறார்களாம்.

திருநகர் டீச்சர்

உங்கள் தோழி சொன்னதுதான் இந்த இழையில் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். 'ஃப்'பா 'ப்'பா என்பதில் நாம் செலவழிக்கிற கவலையில் பாதியையாவது அழுத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். தமிழில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதால் சொல்லின் பொருள் மாறாது, அதனால் நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்வோம். ஆங்கிலக் காது அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது. அழுத்தம் இடம் மாறினால், ஒலி எல்லாம் சரியாக இருந்தாலும் அவர்களுக்குச் சொல் பிடிபடாது.

கிரேக்க, லத்தீன் சொற்களில் அழுத்தத்துக்குத்தான் மிகத் தெளிவான விதிகள் இருக்கின்றன. சொல்லின் வாலைப் பார்த்தால் போதும்.

'லஜி', 'கிரஃபி', 'மெட்ரி', 'பதி', 'ஸ்கபி', 'க்ரஸி', 'னமி' என்று முடிந்தால் அழுத்தம் அந்த வாலுக்கு ஒட்டி முந்திய அசையில். பை-ஆ-லஜியில் 'ஆ'. எண்டாஸ்கபியில் 'டா'. ஆஞ்சியாகிரஃபியில் 'ஆ', இரண்டாவது ஆ. டெமாக்ரஸியில் 'மா'. ஹோமியோபதியை நாம் 'ஹோ'வில் அழுத்தித் தொடங்குகிறோம், ஆங்கிலத்தில் அழுத்தம் 'ஆப்' என்ற அசையில் விழும்.

வால் மாறினால் அழுத்தமும் நகரும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை. ஃபட்டாகிரஃபர் என்பதில் இரண்டாவது. ஃபோட்டகிராஃபிக் என்பதில் மூன்றாவது. அழுத்தம் போன இடத்தில் உயிர் முழுசாக ஒலிக்கும், மற்ற இடங்களில் சுருங்கிவிடும். எண்டோஸ்கோப்பில் 'எண்' அழுத்தம், எண்டாஸ்கபியில் 'டா'. ஒரே கருவி, ஒரே வேர், இரண்டு அழுத்தம். இதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

'இக்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசை: எகனாமிக்கில் 'னா', டயபெட்டிக்கில் 'பெ'. அரித்மெட்டிக், கேத்தலிக், பாலிட்டிக்ஸ் போன்ற சில இந்த விதிக்கு அடங்காதவை, அவற்றைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் வார்டுக்கு மிகவும் பயன்படுவது நோய்ப்பெயர் வால்கள். 'ஐட்டிஸ்' என்றால் அழுத்தம் 'ஐ'யில்: ஆர்த்ரைட்டிஸ், ப்ராங்கைட்டிஸ், ஹெபடைட்டிஸ். 'ஓசிஸ்' என்றால் 'ஓ'வில்: டயக்னோசிஸ், டியூபர்குலோசிஸ். 'ஓமா' என்றாலும் 'ஓ'வில்: கிளாக்கோமா, கார்சினோமா. 'ஈமியா' என்றால் 'ஈ'யில்: அனீமியா, லுக்கீமியா. இந்த நான்கைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். மாத்திரைச் சீட்டில் புதிதாக ஒரு நோயின் பெயர் வந்தாலும் வால் தெரிந்தால் வாய் தானாகப் போகும்.

கிலோமீட்டரில் மட்டும் ஆங்கிலேயரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். அளவுகளில் அழுத்தம் முதல் அசையில் வரும், சென்டிமீட்டர், மில்லிமீட்டர் போல. கருவிகளில் 'மீட்டர்' என்பதற்கு முந்திய அசையில் வரும், தெர்மாமீட்டர், காற்றழுத்தம் அளக்கும் பாராமீட்டர் போல. கிலோமீட்டர் அளவுதான், ஆனாலும் பலர் கருவி போல 'லா'வில் அழுத்துகிறார்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள், கவலை வேண்டாம்.

தல்லாகுளம் முன்னாள் மாணவி

டீச்சர், ஒரு சின்ன சந்தேகம். கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்புக்கு மேடையில் பேசப் போகிறேன். அலும்னி, அலும்னை எது சரி? எங்களுடையது பெண்கள் கல்லூரி.

பசுமலை மாணவன்

அக்கா, இது கொஞ்சம் சிக்கலானது. 1948-ல் தொடங்கிய லேடி டோக், 1953-ல் தொடங்கிய பாத்திமா போன்ற பெண்கள் கல்லூரிகளுக்குப் பெண்பால் பன்மை பொருந்தும். எழுதும்போது முடிவில் ஏ-இ என்ற ஆங்கில எழுத்துகள் வரும். ஆண்களும் சேர்ந்த கூட்டம் என்றால் முடிவில் ஐ என்ற ஆங்கில எழுத்து. ஒலிப்பில்தான் தலைகீழ். ஆங்கில முறையில் ஆண்பால் பன்மை 'அலம்னை', பெண்பால் பன்மை 'அலம்னீ'. பழைய லத்தீன் முறையில் ஆண்பால் 'அலும்னீ', பெண்பால் 'அலும்னை'. அதனால் காதால் மட்டும் கேட்டால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது. ஆங்கிலத்தில் பேசுகிறீர்கள் என்றால் உங்கள் கல்லூரிக்கு 'அலம்னீ'. தமிழில் பேசினால் 'முன்னாள் மாணவியர்' என்பது அழகாக இருக்கிறது, எந்தக் குழப்பமும் இல்லை.

ஜெய்ஹிந்துபுரம் பட்டறை

டீச்சர், மகளிடம் மெக்கானிக் கதையைச் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து, தமிழில் பிதாகரஸ் என்று இருக்கிறதே, டியூஷன் சார் பைத்தாகரஸ் என்கிறாரே, எது என்கிறாள்.

திருநகர் டீச்சர்

ஆங்கிலேயர் 'பைத்தாகரஸ்', அமெரிக்கர் 'பித்தாகரஸ்', இரண்டிலும் அழுத்தம் 'தா'வில். கிரேக்கத்தில் அந்த முதல் உயிர் உதட்டைக் குவித்துச் சொல்கிற இகரம், இன்றைய கிரேக்கர் வெறும் இகரமாகவே சொல்கிறார்கள். நம் பாடநூல் எழுதியிருப்பது நன்றாகவே இருக்கிறது. தமிழ்வழிப் பிள்ளை அதை மாற்றத் தேவையில்லை.

சிம்மக்கல் நர்ஸ்

கடைசியாக ஒன்று. நெஞ்சுவலிக்கு 'ஆஞ்சைனா' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்கள் சீனியர் சிஸ்டர் 'ஆஞ்சினா' என்கிறார். டீச்சர் சொன்ன வால் விதியில் இது வரவில்லையே?

திருநகர் டீச்சர்

இது லத்தீன் சொல், அதனால் அந்தக் கிரேக்க வால்களில் சேராது. ஆங்கிலத்தில் பெரும்பாலோர் 'ஆஞ்சைனா' என்று 'சை'யில் அழுத்துகிறார்கள். முதல் அசையில் அழுத்தி 'ஆஞ்சினா' என்று சொல்வதும் அகராதியில் உண்டு. உங்கள் சிஸ்டரைத் திருத்த வேண்டாம். தேர்வில் நீங்கள் 'ஆஞ்சைனா' சொல்லுங்கள், கேட்பவருக்கு அதுதான் அதிகம் பழகியிருக்கும். நோயாளியாக நடிப்பவருக்குப் புரியாத மாதிரி தெரிந்தால் உடனே 'இதயத்துக்குப் போகும் ரத்தம் குறைவதால் வரும் வலி' என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கிவிடுங்கள். அப்படி விளக்குவதற்கும் அந்தத் தேர்வில் மதிப்பெண் உண்டு.